அளவு ஜாக்கெட்

ஜாக்கெட் தைக்கக் கொடுப்பதற்கு ஆள் நேரில் போக வேண்டும் என்பதில்லை, மேடம். உங்களுக்கும் தெரிந்திருக்கும். உடம்புக்குப் பாந்தமாக இருக்கிற பழைய ஜாக்கெட் ஒன்றைத் துணியோடு சுருட்டிக் கொடுத்துவிட்டால் போதும். அளவு ஜாக்கெட் என்போம். தையற்காரி அதைப் புதுத் துணிமேல் விரித்து, ஓரம் பிடித்து வெட்டிவிடுவாள். யாருக்குத் தைக்கிறோமோ அவள் முகத்தைக்கூட அவள் பார்க்க வேண்டியதில்லை.

உங்கள் மேசைமேல் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறீர்களே, அதுவும் அப்படி ஒன்றுதான். என் தங்கை சுபாவுடையது. கத்திரிப்பூ நிறம். ஏலாக்குறிச்சி மாதா கோயில் திருவிழாக் கடையில் அந்தத் துணியை ஆசைப்பட்டு எடுத்தவள் நான். ரெண்டு பேருக்குமே எடுப்பா இருக்கும்மா என்று கடைக்காரர் சொன்னார். ஒரே துணியில் இரண்டு ஜாக்கெட் தைத்தாள் சுபா, அவளுக்குத் தையல்தான் தொழில். எனக்கும் அவளுக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம், ஆனால் உடம்பு ஒரே வார்ப்பு. எது யாருடையது என்று பார்க்காமல் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வோம். என்னுடையது போட்டுப் போட்டு நைந்து கிழிந்துவிட்டது. அவளுடையது அளவுக்கென்று தங்கிவிட்டது.

தண்ணீர் இப்போது வேண்டாம், பேசி முடித்துவிட்டுக் குடிக்கிறேன். யாரும் என்னை இழுத்து வரவில்லை என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். நேற்று நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன், இந்த ஜாக்கெட்டையும் கொடுத்தேன்.

என் பெயர் ஏஞ்சல் மேரி. சொந்த ஊர் வரதராஜன்பேட்டை. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டில் இருக்கிற அந்த ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸ். எங்கள் அம்மா செபஸ்தியம்மாள் சாகும்போது சுபா தவழ்ந்துகொண்டிருந்தாள். இடுப்பில் தூக்கிச் சுமந்து, தலைவாரிவிட்டு, பள்ளிக்கூடத்தில் விட்டு, கோயிலில் புதுநன்மை வாங்க வைத்து, கல்யாணமும் கட்டி வைத்தவள் நான். எனக்கென்று ஒரு வாழ்க்கை அமைத்துக்கொள்ளவில்லை. பூசை முடிந்து வெளியே வந்தால் பொம்பளைகள் என் காதுபடவே சொல்வார்கள், பொறந்தா ஏஞ்சல் மாதிரி ஒரு அக்காவோட பொறக்கணும்டி என்று. கேட்க எனக்குப் பிடிக்கும். அதை ஏன் மறைக்க வேண்டும்.

சுபாவுக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் கிட்னி இரண்டும் போய்விட்டது. எப்படிப் போனது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. தண்ணீர் என்றார்கள், வலி மாத்திரை என்றார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை திருச்சிக்கு டயாலிசிஸ். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டே வருவாள். ஊசி குத்திக் குத்தி இடது கை புடைத்துப்போய், தொட்டால் உள்ளே தையல் மிஷின் ஓடுவது மாதிரி அதிரும். பார்த்தியாக்கா, மிஷின விட்டாலும் மிஷின் என்னைய விடல என்று சிரிப்பாள். அவளுக்குத் தண்ணீர்தான் பெரிய கஷ்டம். நாளைக்கு ஒரு டம்ளருக்கு மேல் கூடாது. சித்திரை வெயிலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு சொம்பு தண்ணியக் கடகடன்னு குடிச்சிட்டுச் செத்தாலும் பரவால்லக்கா என்பாள். 

மாற்றுக் கிட்னி வைக்கலாம் என்றார்கள். அவள் புருஷன் மரிய ஆல்பர்ட் சிமெண்டு லாரி ஓட்டுகிறவர், தங்கமான மனுஷன், என்னுதை எடுத்துக்குங்க என்று முதல் ஆளாக நின்றார். அவருக்குச் சர்க்கரை. ஆகாது என்றுவிட்டார்கள். வேறு ஆள் அமையவில்லை.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் டாக்டர் பாலசுந்தரம் புது மருந்தை ஆரம்பித்தார். டிரிப்பில் கலந்து நாள்கணக்கில் மெதுவாக ஏற்ற வேண்டும். செத்துப்போன கிட்னி முழித்துக்கொள்ளும். அதற்கு அனுமதி வாங்கினாரா, யாரிடம் வாங்கினார் என்பதை அவரையே கேளுங்கள், எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, வயசான ஆம்பளைகளுக்கு அது வேலை செய்தது. இரண்டு பேர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போனதை நான் பார்த்தேன். அன்றைக்கே அவர் முன்னால் போய் நின்றேன்.

"என் தங்கச்சிக்கு ஏத்துங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் சொல்லப் பிடிக்காவிட்டால் அப்படித்தான் செய்வார். "ஒங்க தங்கச்சி மாதிரி ஒல்லியான பொம்பளை ஒடம்புக்கு எவ்ளோ ஏத்தணும்னு எனக்கே இன்னும் தெரியல சிஸ்டர். கொறைஞ்சா பிரயோஜனம் இல்ல. கூடினா ஹார்ட்டு நின்னுரும். அளவு தெரியாம கை வைக்க மாட்டேன்."

"அளவு எப்ப சார் தெரியும்?"

"அதே மாதிரி ஒடம்பு நாலஞ்சு பாக்கணும்."

இது தையற்காரி பேசுகிற பேச்சுதான் மேடம். எனக்கு உடனே விளங்கிவிட்டது. சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் சுபாவின் அலமாரியிலிருந்து இந்த ஜாக்கெட்டை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன்.

ஆள் தேடுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. டயாலிசிஸ் போகிற பஸ்ஸில் எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் பழக்கம். யாருக்கு என்ன ரத்தம், யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் பேச்சுவாக்கில் வந்துவிடும். புது வைத்தியம், செலவு கிடையாது, நான் கூடவே இருப்பேன் என்று சொன்னால் போதும். மூன்றும் உண்மைதான். டாக்டர் நீட்டிய தாளில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. சிஸ்டர் சொன்னாச் சரி என்பார்கள்.

முதலில் வந்தது இருசம்மாள். வேப்பந்தட்டைப் பக்கம், பருத்தி எடுக்கப் போகிறவள், பிள்ளை குட்டி இல்லை. ஒரு மஞ்சப்பையோடு தனியாக வந்து இறங்கினாள். குளிக்க வைத்து, மாற்றுத்துணி இல்லாததால் இந்த ஜாக்கெட்டைக் கொடுத்தேன். ஹூக்கு மாட்டவில்லை. எலும்பு கொஞ்சம் அகலம். ஜாக்கெட்டின் விலாவில் உள்ளே மடித்துப் பிடித்த துணி இருந்தது, அதைப் பிரித்துவிட்டேன். அப்புறம் மாட்டியது. அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும், இது சுபாவின் அளவு இல்லை என்று. ஆசையில் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் மூன்றாம் நாள் காலையில் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாள். கரண்டி கையிலேயே இருந்தது. 

டாக்டருக்கு முகமே செத்துப்போயிற்று. போதும் சிஸ்டர், பொம்பளைங்களுக்கு இது வேணாம், விட்டுருவோம் என்றார். விடக் கூடாது என்று சொன்னவள் நான். "இவங்க ஒடம்பு பெருசு சார். அதுக்குத் தக்கன நீங்க கூட்டிட்டீங்க. சின்ன ஒடம்பா ஒண்ணு பாப்போம்." அவர் நல்ல மனுஷன்தான், ஆனால் உறுதியாக யாராவது பேசினால் இணங்கிவிடுவார்.

அடுத்தது உடையார்பாளையத்து வினோதினி. முந்திரி உடைக்கிற வேலை. கொட்டைத் தோட்டின் எண்ணெய் பட்டு விரல் எல்லாம் கறுத்துப் பொத்துப்போயிருக்கும். ரொம்பச் சின்னப் பெண், ரொம்ப மெலிவு. இரண்டு விலாவிலும் பிடித்து ஊசிநூலால் ஓட்டிக் கொடுத்தேன். டாக்டர் பயந்து பயந்து ஏற்றினார், பாதிகூட ஏற்றவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். ஆனால் அந்த மருந்து ஏறும்போது டயாலிசிஸை நிறுத்த வேண்டும். நிறுத்தியதில் உடம்பில் நீர் கோத்துக்கொண்டது. வீட்டுக்குப் போன பத்தாவது நாள் அவள் அண்ணன் போன் பண்ணினான். மாலை வாங்கிக்கொண்டு போனேன். சாவு வீட்டில் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டு, சிஸ்டரு எவ்வளவோ பாத்தாங்க, இவளுக்குக் குடுத்து வைக்கல என்றார்கள். அவள் அம்மா என் மடியில் விழுந்து அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை மேடம்.

பூங்குழலியைப் பற்றித்தான் நீங்கள் கேட்கக் காத்திருக்கிறீர்கள். தெரிகிறது.

அவளை நான் ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அந்தத் தோள், அந்தப் பின்னங்கழுத்து, கொண்டை போட்டிருந்த விதம். வாய்விட்டு, சுபா என்று கூப்பிட்டுவிட்டேன். திரும்பிப் பார்த்தவள் வேறு ஆள். தா.பழூர்ப் பக்கம், நெல்லு விவசாயம், அம்மா கொளஞ்சியம்மாளோடு பிறந்த வீட்டில் இருந்தாள். புருஷன் விட்டுவிட்டுப் போனவன். அவளும் டயாலிசிஸுக்குப் போகிறவள்தான், ரத்தமும் சுபாவினுடையதே. மனதுக்குள் மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

இந்த ஜாக்கெட் அவளுக்கு ஒரு நூல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நான் ஓட்டியிருந்த தையலைப் பிரித்து, பழையபடி சுபா தைத்த கோட்டிலேயே தைத்துக் கொடுத்திருந்தேன். பூங்குழலி கட்டிலில் உட்கார்ந்து கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.

"எனக்குன்னே தச்சாப்புல இருக்கு சிஸ்டர். எந்த டெய்லரு?"

"என் தங்கச்சிதான்."

"அப்ப பொழச்சு எந்திரிச்சதும் மொத ஜாக்கெட்டு அவங்ககிட்டதான். கூலியில எதும் கொறைப்பாங்களா?"

"ஒனக்குக் கூடக் கேப்பா. வாய் பேசறவங்களுக்குத் தனி ரேட்டு."

சிரித்தாள். கலகலப்பான பெண். வார்டில் எல்லார் கட்டிலுக்கும் போய்க் கதை பேசிவிட்டு வருவாள், டிரிப் ஸ்டாண்டையும் தள்ளிக்கொண்டு. எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. நீங்கள் நம்பாவிட்டாலும் அது நிஜம்.

ஒரு வாரம் போல ஏற்றினோம். ஒரு நாள் காலையில் பாத்ரூமிலிருந்து ஓவென்று அழுகைச் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "வந்துருச்சு சிஸ்டர். ஒண்ணுக்கு வந்துருச்சு." இரண்டு வருஷமாக வராதது. அவள் அழ, நான் அழ, டாக்டரும் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். தண்ணி குடிக்கலாமா சார் என்று கேட்டாள். குடிம்மா என்றார். ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள், கழுத்தெல்லாம் வழிய. உடனே அவள் அம்மாவுக்குப் போன் போட்டு, ஒரு சொம்பும்மா, முழுசா ஒரு சொம்பு என்றாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. டாக்டருக்குத் திருச்சியில் ஒரு கல்யாணம். கிளம்பும்போது பாட்டிலில் ஒரு கோட்டைத் தொட்டுக் காட்டினார். "இதோட நிறுத்திருங்க சிஸ்டர். அளவு கெடச்சிருச்சு. அடுத்த வாரம் ஒங்க தங்கச்சியக் கூட்டிட்டு வாங்க."

இதுவரை சொன்னதில் டாக்டருக்கும் பங்கு உண்டு. இனிமேல் சொல்லப்போவதில் இல்லை. இது முழுக்க என்னுடையது.

நல்ல தையற்காரி அளவுக்குச் சரியாக வெட்டிவிட மாட்டாள் மேடம். உள்ளே கொஞ்சம் துணி விட்டுத்தான் தைப்பாள். நாளைக்கு உடம்பு கொஞ்சம் போட்டால் பிரித்துக்கொள்ளலாம் என்று. சுபா அதில் ரொம்பக் கண்டிப்பு. மதியச் சாப்பாடு முடிந்து வார்டு அடங்கியிருந்தது. பாட்டிலில் மருந்து அந்தக் கோட்டுக்கு வந்துவிட்டது. டிரிப் குழாயில் மருந்தை நிறுத்துகிற சக்கரத்தை மூடப் போனேன். விரலையும் வைத்துவிட்டேன். அப்போது தோன்றியது, சுபாவின் உடம்பு இவளுடையதைவிட நூலளவு முன்னே பின்னே இருந்தால்? டாக்டர் கை நடுங்கி ஒரு கோடு கூட ஏற்றிவிட்டால்? எதுவரைக்கும் தாங்கும் என்று தெரியாமல் என் தங்கையை எப்படிப் படுக்க வைப்பேன்?

நான் மூடவில்லை.

"டாக்டரு முடிஞ்சுதுன்னு சொன்னாரே சிஸ்டர்" என்றாள் பூங்குழலி.

"இன்னும் கொஞ்சூண்டுதான் கண்ணு."

சரி என்று படுத்துக்கொண்டாள். நான் சொன்னால் அவளுக்குச் சரிதான். கொஞ்ச நேரம் கழித்து, வாயில் ஆணியைச் சப்பினது மாதிரி இருக்கிறது என்றாள். அதற்கப்புறம், "நெஞ்சுக்குள்ள எறும்பு ஊருது சிஸ்டர்." அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு கையில் அவள் கை, மறு கை சக்கரத்தின் மேல். என் கண் பாட்டிலை விட்டு நகரவில்லை. அவள் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை சிஸ்டர் சிஸ்டர் என்றவள், "நிறுத்திருக்கா. முடியலக்கா" என்றாள். சுபா கூப்பிடுகிற மாதிரியே இருந்தது. அடுத்த கோடு வரைக்கும் அவள் தாங்கினாள். அதற்கும் அடுத்த கோட்டில் தாங்கவில்லை.

எனக்கு வேண்டியது தெரிந்துவிட்டது. சக்கரத்தை மூடினேன். அவள் கண்ணையும் மூடினேன். மிச்ச மருந்தைத் தொட்டியில் கொட்டிவிட்டு, பாட்டிலைக் கழுவினேன். டாக்டரிடம், நீங்கள் சொன்ன இடத்தில் நிறுத்திவிட்டேன், திடீரென்று நெஞ்சடைத்துவிட்டது, அவளுக்கு ஏற்கெனவே இருதயக் கோளாறு இருந்திருக்கும் என்றேன். என்னை அவர் சந்தேகப்பட்டதே இல்லை. இன்று நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியவரும்.

கொளஞ்சியம்மாள் வந்து மகளை எடுத்துக்கொண்டு போனாள். இந்த ஜாக்கெட்டோடுதான் போனாள் பூங்குழலி. கழற்ற எனக்கு மனசு வரவில்லை.

பிறகு சுபாவுக்கு ஏற்றினோம். டாக்டர் காட்டிய கோட்டுக்கு ஒரு இம்மி மேலே போகாமல் நானே காவல் இருந்தேன். அவளுக்கும் கிட்னி முழித்தது. அவளும் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாள். வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது எனக்கு. மாதாமாதம் ஒரு தடவை, ஒரு வருஷத்துக்கு ஏற்றினால் நிலைத்துவிடும் என்றார் டாக்டர். வீட்டுக்குக் கூட்டி வந்தேன். சுபா மிஷினுக்கு எண்ணெய் போட்டாள். மரிய ஆல்பர்ட் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார்.

அந்த வாரத்திலேயே ஒரு காலையில், நானும் சுபாவும் பட்டாணி உரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், வாசலில் கொளஞ்சியம்மாள் நிற்கிறாள். ஆஸ்பத்திரியில் விலாசம் கேட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். மஞ்சப்பையிலிருந்து இந்த ஜாக்கெட்டை எடுத்தாள். துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து.

"பதினாறாம் நாளு காரியம் வருது சிஸ்டர். அதுக்குள்ள இரவலா வாங்குனதெல்லாம் திருப்பிரணும். எங்க பக்கம் அப்புடித்தான். அடுத்தவங்க பொருளு உடம்புல பட்டது வூட்ல இருந்தா அவ நிம்மதியாப் போ மாட்டா." பிறகு சுபாவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். "நீதான் தங்கச்சியாம்மா? என் பொண்ணு மாதிரியே இருக்கியே ஆத்தா. ஒன் ஜாக்கெட்டத்தான் அக்கா அவளுக்குக் குடுத்தாங்க. கடைசி வரைக்கும் அவ கையப் புடிச்சிட்டு இருந்தாங்களாம். பெத்த நான் இல்ல, இவங்கதான் இருந்தாங்க. அன்னிக்குக் காலையில போனு போட்டா, ஒரு சொம்பு தண்ணி குடிச்சேம்மான்னா. மத்தியானம் போயிட்டா."

காப்பித்தண்ணி குடிக்கச் சொன்னோம். காரியம் முடியாமல் வெளியில் வாய் நனைக்க மாட்டேன் என்று போய்விட்டாள்.

சுபா பட்டாணிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஜாக்கெட்டை உள்பக்கமாகத் திருப்பினாள். வெளிச்சத்துக்குக் காட்டி, விலாத் தையலை விரலால் தடவினாள். துணியில் ஊசி குத்திய தடம் போகாது மேடம், எத்தனை தடவை துவைத்தாலும்.

"இது என் தையல் இல்லையேக்கா. இங்க யாருக்கோ பிரிச்சு விட்ருக்கு. இங்க யாருக்கோ புடிச்சிருக்கு. அதுக்கப்புறம் மறுபடி தச்சிருக்கு. இத மூணு பேரு போட்ருக்காங்க."

"ஆமா" என்றேன். சுபாவிடம் நான் பொய் சொல்வதில்லை. சொன்னது ஒரே ஒரு தடவைதான்.

"மூணு பேரும் எங்க?"

சொன்னேன். இப்போது உங்களிடம் சொன்ன மாதிரியே, ஒன்றையும் விடாமல். அவள் கத்தவில்லை. ஜாக்கெட்டை மடித்து என் மடியில் வைத்தாள்.

"எனக்காகவா செஞ்ச?"

"வேற யாருக்காகடி செய்வேன்?"

"இது ஒனக்கும் சரியா இருக்குமேக்கா. அளவு பாக்கணும்னா நீ போட்டுப் பாத்திருக்கலாமே."

நான் பட்டாணிக் கிண்ணத்தை இழுத்து வைத்து மறுபடி உரிக்க ஆரம்பித்தேன்.

மறுநாள் சொல்லிவிட்டாள், இனி மருந்து ஏற்றிக்கொள்ள மாட்டேன் என்று. நான் காலில் விழுந்தேன். வளர்த்த பிள்ளை காலில் விழுந்தேன் மேடம். அப்போது ஒரு வழி சொன்னாள். "அந்தம்மாகிட்ட போயி நீயே ஒன் வாயால சொல்லு. சொல்லிட்டு வந்தீன்னா ஏத்திக்கிறேன். அவங்க என்ன வேணா செய்யட்டும், போலீஸுக்குப் போகட்டும். நான் ஒன் கூட இருக்கேன்."

காரியம் முடிந்த பிறகு தா.பழூர் போனேன். அறுப்பு முடிந்து களத்தில் வைக்கோல் கிடந்தது. கொளஞ்சியம்மாள் என்னைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். பூங்குழலியின் படத்துக்கு முன்னால் உட்கார வைத்து, இலை போட்டாள். சுடுசோறும் கத்திரிக்காய்க் குழம்பும். சாப்பிட்டு முடித்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். சாப்பிட்டேன். கை கழுவிவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவள் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து ஊற்றினாள். பஸ் வந்துவிட்டது என்று யாரோ குரல் கொடுத்தார்கள். புது அரிசி இது, தங்கச்சிக்குக் கஞ்சி வச்சுக் குடுங்க என்று ஒரு பையைக் கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

சுபா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பையைத்தான் பார்த்தாள்.

"சொல்லியிருந்தா அரிசி குடுத்திருக்க மாட்டாங்க" என்றாள்.

அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள். அடுத்த மாத மருந்துக்கு வரவில்லை. கிட்னி மறுபடி தூங்கிவிட்டது. டயாலிசிஸும் வேண்டாம் என்றாள். மரிய ஆல்பர்ட் எவ்வளவோ கெஞ்சினார், டாக்டரே நேரில் வந்து பார்த்தார். அவர்கள் இரண்டு பேருக்கும் காரணம் தெரியாது, அவள் சொல்லவில்லை. என்னை அவள் காட்டிக்கொடுக்கவில்லை, பாருங்கள். ஈஸ்டர் கழிந்து இரண்டாவது வாரம் போய்விட்டாள். முகமெல்லாம் ஊதி, அடையாளமே தெரியவில்லை. கடைசியில் நாக்கு வறண்டு தண்ணீர் கேட்டாள். நான் எடுத்துக்கொண்டு போனேன். வாயை மூடிக்கொண்டாள். மரிய ஆல்பர்ட் கொடுத்தபோது குடித்தாள்.

அந்த அரிசிப் பை இன்னும் அடுப்படியில் கட்டவிழ்க்காமல் இருக்கிறது. எனக்குச் சமைக்க மனசு வரவில்லை.

நான் இங்கே வந்தது அதனால்தான். கொளஞ்சியம்மாளிடம் நீங்கள் சொல்லிவிடுங்கள். உங்களிடம் சொல்ல எனக்கு முடிகிறது. அவள் முன்னால் உட்கார்ந்து சொல்ல முடியவில்லை. சுபா இருந்தபோதே முடியவில்லை. இனி எங்கே.

உங்கள் மேசைமேல் இருக்கிற அந்தத் தாள், நேற்றே நீங்கள் திருச்சி ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கியது என்று எனக்கும் தெரிகிறது மேடம். நீங்கள் அதைத் திருப்பி வைத்தபோதே பார்த்துவிட்டேன். ஆமாம். மரிய ஆல்பர்ட்டுக்கு ஆகாது என்றதும் எனக்கும் சோதனை செய்தார்கள். பொருந்தியது. இவ்வளவு நன்றாக அக்கா தங்கைக்குள்கூடப் பொருந்துவது அபூர்வம் என்றார்கள். சுபாவிடம் பொருந்தவில்லை என்று சொன்னேன். அந்த ஒரு பொய்தான் என்று முன்னால் சொன்னேனே, இதுதான். என்னையும் வெட்டிப் படுக்கப் போட்டுவிட்டால் அவளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பது யார்? பக்கத்தில் இருந்து பார்ப்பது யார்? அதை யோசித்துத்தான் சொன்னேன், பயத்தினால் இல்லை. நான் நர்ஸ். எத்தனை பேரை ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன்.

இப்போது அந்தத் தண்ணீரைக் கொடுங்கள்.

சுபா அன்றைக்குக் கேட்டதற்கும் பதில் வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஜாக்கெட்டை நான் ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை மேடம். இந்த நிறம் எனக்கு எடுக்காது.